பயோடீசல் சரியாக வராதபோது: குறியிலிருந்து காரணத்தைத் தேடும் வழிமுறை

கொழும்புக் கடைகளில் பொரித்து மிஞ்சும் எண்ணெயையும், வவுனியாப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வரும் விதைகளைச் செக்கில் ஆட்டி எடுத்த எண்ணெயையும் கொண்டு, வத்தளையில் ஒரு தகரக் கொட்டிலில் பயோடீசல் செய்து வருகிறேன். 2022 இல் டீசலுக்காக நாட்கணக்கில் வரிசையில் நின்ற காலத்தில் தொடங்கிய வேலை இது. அன்றிலிருந்து கெட்டுப்போன தொகுதிகளைத் திருத்தித் திருத்தி, எந்தக் குறி தெரிந்தால் எதை முதலில் பார்க்க வேண்டும் என்ற ஒரு வரிசை கைக்கு வந்துவிட்டது. அந்த வரிசையில் முதலிடம் அனேகமாக எப்போதும் நீருக்குத்தான். இரசாயனத்தின் மீதும் இயந்திரத்தின் மீதும் சந்தேகம் கொள்வதற்கு முன்னர் நீரைத் தேடுங்கள். அதற்குச் செலவே இல்லை.

கீழே வரும் எல்லாவற்றுக்கும் அடிப்படையான அளவு இதுதான். ஒரு லீற்றர் எண்ணெய்க்கு 200 மில்லிலீற்றர் மெதனோல். புதிய எண்ணெயானால் 3.5 கிராம் கோஸ்டிக் சோடா, பொரித்த எண்ணெயானால் அதனோடு, குறி 2 இல் சொல்லும் அமிலச் சோதனை காட்டும் மேலதிக கிராம். 55 பாகை செல்சியஸ் சூட்டில் ஒரு மணி நேரம் கலக்கி, ஓர் இரவு படியவிட வேண்டும். காலையில் மேலே தேன் நிறத்தில் பயோடீசலும் அடியில் கரும்பழுப்பாகக் கிளிசரினும் கோடு கிழித்தாற்போல் பிரிந்திருந்தால் வேலை சரி. கிளிசரினை வடித்துவிட்டு, பயோடீசலை நீரால் கழுவி உலர்த்துவதுதான் மிச்சம்.

எல்லாவற்றுக்கும் முன்: வேலையை உடனே நிறுத்த வேண்டிய குறிகள்

தலைவலி, தலைச்சுற்று, குமட்டல், பார்வை மங்கல் ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் அது மெதனோல் ஆவியாக இருக்கலாம் என்றே கொள்ள வேண்டும். சூட்டை அணைத்து, காற்றோட்டமான இடத்துக்கு வெளியேறுங்கள். மெதனோல் வாய்க்குள் போயிருந்தாலோ பார்வை மங்கினாலோ, சரியாகிவிடும் என்று காத்திருக்காமல் 1990 சுவசெரிய அம்புலன்சை அழையுங்கள். கண்பார்வையைப் பறிக்கும் நஞ்சு அது, பாதிப்பு பல மணி நேரம் தாமதித்தும் வெளிப்படலாம். தேசிய நச்சியல் தகவல் நிலையம் கொழும்புத் தேசிய வைத்தியசாலையிலேயே இருக்கிறது.

மெதனோல் 64.7 பாகையில் கொதிக்கும். அதன் சுவாலை பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது. எனவே கொள்கலத்தின் மேல் காற்று நடுங்குவது போலத் தெரிந்து, அருகில் போகும்போது சூடும் அடித்தால், எரிகிறது என்றே எண்ணி விலகி, தீயணைப்புச் சேவையின் 110 ஐ அழையுங்கள். கைத்துளைப்பானில் தண்டைப் பொருத்திக் கலக்குகிறவர்கள் அதை இன்றே கைவிட வேண்டும். அதன் மோட்டாருக்குள் ஓயாமல் பொறி பறக்கிறது.

குறி 1: காலையில் பார்த்தால் கிளிசரின் பிரியவில்லை

*மேலும் கீழும் ஒரே நிறமாக, எண்ணெயைப் போலவே ஓடுகிறது எனில்,* எண்ணெயைப் பயோடீசலாக மாற்றும் இரசாயனத் தாக்கம் நடக்கவே இல்லை. முதலில் சூட்டைப் பாருங்கள். பீப்பாயின் அடியில் சூடாக்கி இருந்தால், வெப்பமானி அடியில் 55 காட்ட, மேற்பகுதி 40 இலேயே நின்றிருக்கும். இரண்டு மட்டத்திலும் அளந்து, குறைவாயின் மூடியிட்டு மீண்டும் 55 இற்குக் கொண்டுவந்து, இன்னும் ஒரு மணி நேரம் கலக்குங்கள். பல தடவை இதிலேயே தீர்ந்துவிடுகிறது.

அடுத்தது கோஸ்டிக் சோடா. கொழும்பின் ஈரக்காற்றில் திறந்து வைத்த பொதி ஒரே கிழமையில் பலம் இழக்கும். மணிகள் தனித்தனியாக உருண்டால் நல்லது. ஒட்டிக் கட்டியாகி இருந்தாலோ மேலே வெள்ளைத் தூள் படிந்திருந்தாலோ அதை நம்பி அளக்க முடியாது. வாங்கிய அன்றே சிறு போத்தல்களில் பிரித்து இறுக மூடி வைப்பதே பரிகாரம். குழாய் அடைப்பு நீக்க விற்கப்படும் தூள்களில் வேறு பொருள்களும் கலந்திருப்பதால் அவற்றைத் தொட வேண்டாம்.

மூன்றாவதாக மெதனோல். ஒரு தடவை வாங்கிய மெதனோலில் நீர் கலந்திருந்ததைக் கண்டுபிடிப்பதற்குள் நான்கு தொகுதிகளை இழந்தேன். நீரடர்த்திமானி இருந்தால் உடனே தெரியும். தூய மெதனோலின் அடர்த்தி 20 பாகையில் 0.791, நமது கொட்டில்களின் 28, 30 பாகைச் சூட்டில் அது 0.78 ஐ ஒட்டியே நிற்க வேண்டும். அந்தச் சூட்டில் 0.80 காட்டினால் அதில் நீர் இருக்கிறது, திருப்பிக் கொடுங்கள்.

*பிரிந்திருக்கிறது, ஆனால் கிளிசரின் மிகக் குறைவு எனில்,* குறி 3 இற்குப் போங்கள். *பிரியாமல் கஞ்சியாகவோ கூழாகவோ நிற்கிறது எனில்,* அடுத்த குறியைப் பாருங்கள்.

குறி 2: முழுவதும் சவர்க்காரக் கூழாகிவிட்டது

அதிகம் காணப்படும் பிழையும், அதிகம் மனம் உடையச் செய்யும் பிழையும் இதுதான். மூன்று காரணங்களில் ஒன்றுதான் இருக்கும்: எண்ணெயில் நீர், எண்ணெயில் மிகுதியான அமிலம், அளவுக்கு மிஞ்சிய கோஸ்டிக் சோடா.

நீருக்கான சோதனைக்கு ஒரு தாச்சி போதும். தாச்சியை நன்றாகக் காயவைத்து ஒரு மேசைக்கரண்டி எண்ணெயை ஊற்றிக் காதைக் கொடுங்கள். சத்தமின்றி மெல்லப் புகைத்தால் எண்ணெய் உலர்ந்தது. சடசடவென்று தாளிதம் போலச் சத்தமிட்டால் அதில் நீர் உண்டு. கொட்டாஞ்சேனையில் ஒரு வடைக் கடையிலிருந்து வந்த எண்ணெய் பார்வைக்குக் கண்ணாடி போலத் தெளிவாக இருந்தது. தாச்சியில் விட்டபோது மணிக்கட்டு வரை தெறித்தது. ஊறிய பருப்பின் ஈரம் முழுவதும் அந்த எண்ணெயில்தான் இறங்கியிருக்கிறது. அன்றிலிருந்து தெளிவைப் பார்த்து எண்ணெயை ஏற்பதில்லை, சத்தத்தைக் கேட்டே ஏற்கிறேன். சத்தமிடும் எண்ணெயை 60 பாகைக்குச் சூடாக்கி ஒரு நாள் அசையாமல் வைத்து, அடியில் இறங்கும் நீரை வடித்துவிடுங்கள். அதன் பின்னும் சத்தம் கேட்டால், மெதனோல் இல்லாத வேறோர் இடத்தில் 110 பாகை வரை மெதுவாகச் சூடாக்கிக் குமிழ் அடங்கும்வரை வைத்திருங்கள். பாத்திரத்தில் பாதிக்கு மேல் நிரப்ப வேண்டாம். அடியில் நீர் தங்கியிருந்தால் எண்ணெய் பொங்கி வழியும்.

எண்ணெய் உலர்ந்ததாயின் அமிலத்தைப் பாருங்கள். ஒரு லீற்றர் காய்ச்சி வடித்த நீரில் 1 கிராம் கோஸ்டிக் சோடாவைக் கரைத்து வைத்துக்கொள்ளுங்கள். 10 மில்லிலீற்றர் ஐசோபுரோப்பைல் மதுசாரத்தில் 1 மில்லிலீற்றர் எண்ணெயைக் கலந்து, நிறங்காட்டியான பினோத்தலினில் இரண்டு சொட்டு விட்டு, அந்தக் கரைசலைச் சிரிஞ்சினால் சொட்டுச் சொட்டாகச் சேர்க்க வேண்டும். இளஞ்சிவப்பு நிறம் தோன்றிப் பதினைந்து விநாடியாவது மறையாமல் நின்றால், அதுவரை சென்ற மில்லிலீற்றர் எத்தனையோ, ஒரு லீற்றர் எண்ணெய்க்குத் தேவையான மேலதிக கிராமும் அத்தனையே. பினோத்தலின் கிடைக்காதபோது, மஞ்சள்தூளை மதுசாரத்தில் ஊறவைத்து வடித்த சாறும் உதவும். அது செம்பழுப்பாக மாறும். ஆனால் கறுத்த எண்ணெயில் அந்த மாற்றம் கண்ணுக்குப் பிடிபடாது.

*3 மில்லிலீற்றருக்குள் நின்றால்* எண்ணெய் நல்லது. பிழை அளவையில் இருக்கிறது. சமையலறைத் தராசில் 4 கிராமையும் 6 கிராமையும் பிரித்தறிய முடியாமல் போகலாம். பத்தில் ஒரு கிராம் காட்டும் நகைத் தராசு ஒன்று வாங்குங்கள். இந்த வேலையில் நான் செய்த செலவுகளில் அதற்குக் கொடுத்த பணம்தான் மிக விரைவாகத் திரும்பி வந்தது.

*3 இற்கும் 6 இற்கும் இடையில் நின்றால்,* நல்ல எண்ணெயோடு பாதிக்குப் பாதி கலந்து அந்த அளவைக் கீழே இறக்குங்கள். *6 ஐத் தாண்டினால்,* அந்த எண்ணெயில் நூற்றுக்கு நாலரைக்கு மேல் கட்டற்ற அமிலம் இருக்கிறது என்று பொருள். கோஸ்டிக் சோடாவைக் கூட்டக் கூட்டச் சவர்க்காரமே பெருகும். சல்பூரிக்கமிலத்தைக் கொண்டு முன்பதப்படுத்தும் முறை உண்டெனினும், அது இரசாயனம் படித்தவரின் மேற்பார்வை இல்லாமல் செய்யத்தக்கது அன்று. பற்றறிக் கடை அமிலத்தால் அதைச் செய்ய முயன்றவர்களைக் கண்டிருக்கிறேன். அதில் பாதிக்கு மேல் நீர்தான் என்பதால், ஆபத்து மட்டும் மிஞ்சுமே தவிரப் பயன் கிடைக்காது.

ஏற்கெனவே கூழாகிவிட்ட தொகுதியை எறிவதற்கு முன் ஒரு முயற்சி செய்து பார்க்கலாம். முன்னைய நல்ல தொகுதியில் வடித்த கிளிசரினைப் பத்துக்கு ஒன்று என்ற அளவில் சேர்த்து, மூடிய கலத்தில் 55 பாகையில் அரை மணி நேரம் கலக்கி ஓர் இரவு விட்டால், கிளிசரின் சவர்க்காரத்தில் பெரும்பகுதியைத் தன்னோடு அடிக்கு இழுத்துக்கொள்ளும். மறுநாளும் அசைவில்லையெனில் அந்தத் தொகுதியை மறந்துவிடுங்கள். சாக்கடையில் மட்டும் ஊற்றாதீர்கள். அதற்குள் மெதனோல் இருக்கிறது.

குறி 3: பிரிந்தது, ஆனால் 3/27 சோதனையில் எண்ணெய் அடியில் தங்குகிறது

27 மில்லிலீற்றர் மெதனோலில் 3 மில்லிலீற்றர் பயோடீசலை விட்டுக் குலுக்கி, அரை மணி நேரம் வைத்துப் பார்ப்பதே இந்தச் சோதனை. முழுவதும் கரைந்தால் தாக்கம் போதிய அளவு நடந்திருக்கிறது. அடியில் எண்ணெய் மணிகள் சேர்ந்தால் மாறாத எண்ணெய் மிஞ்சியிருக்கிறது.

சோதனையே நம்மை ஏமாற்றும் ஓர் இடம் உண்டு. இது 20 பாகையை ஒட்டிச் செய்ய வேண்டிய சோதனை. கொழும்பின் 30 பாகையில் மாறாத எண்ணெயில் ஒரு பகுதியும் கரைந்துவிடுவதால், தேறாத தொகுதியும் தேறியது போலக் காட்டும். ஒரு கிண்ணத்து நீரில் ஐஸ் துண்டுகளைப் போட்டு, மெதனோல் குழாயையும் பயோடீசல் குழாயையும் அதில் வைத்து, 20 பாகைக்கு வந்த பிறகே இரண்டையும் கலக்குங்கள். ஐஸ் இல்லாமல் தேறிய எனது பழைய தொகுதிகளில் எத்தனை உண்மையில் தேறியவை என்று இன்றும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது.

சோதனை சரியாகச் செய்தும் எண்ணெய் தங்கினால், கலக்கிய நேரம், சூடு, மெதனோலின் அளவு என்ற வரிசையில் பாருங்கள். மெதனோல் பற்றி ஒரு விடயம்: பொரித்த எண்ணெய் தேங்காய் எண்ணெயானால் 200 மில்லிலீற்றர் போதாது. தேங்காய் எண்ணெயின் மூலக்கூறுகள் சிறியவை. ஒரு லீற்றரில் அவற்றின் எண்ணிக்கை அதிகம். ஆகவே லீற்றருக்கு 250 மில்லிலீற்றர் வரை வேண்டும். பாம் எண்ணெய்க்குச் சொன்ன அளவைத் தேங்காய் எண்ணெய்க்கும் வைத்துவிட்டுக் கோஸ்டிக் சோடாவைக் குறைகூறுவது நம் ஊரில் வழமையாக நடக்கிறது. கடைக்காரரிடம் எந்த எண்ணெயில் பொரிக்கிறார் என்று கேட்டு, பீப்பாயின் மேல் எழுதி வையுங்கள்.

திருத்துவதற்கு, கிளிசரினை முழுவதும் வடித்தபின், கழுவுவதற்கு முன்னரே, லீற்றருக்கு 50 மில்லிலீற்றர் மெதனோலில் 1 கிராம் கோஸ்டிக் சோடாவைக் கரைத்துச் சேர்த்து, மீண்டும் 55 பாகையில் ஒரு மணி நேரம் கலக்குங்கள். பெரும்பாலும் இவ்வளவே எனக்குப் போதியதாக இருந்திருக்கிறது. கழுவிய பின் தெரியவந்தால், முதலில் முழுவதும் உலர்த்திவிட்டே இதைச் செய்ய வேண்டும்.

குறி 4: கழுவும்போது வெள்ளைக் குழம்பாகிவிட்டது

அவசரமே முதற்காரணம். முதலாவது நீரைத் தெளிப்பானால் மழைத்தூறல் போல மேலிருந்து விழவிட வேண்டும், கலக்கக் கூடாது. இரண்டாவது, மூன்றாவது கழுவலில்தான் மெல்லக் கலக்கலாம். குழம்பிவிட்டதாயின், 50 பாகைக்குச் சூடாக்கி இரண்டு மணி நேரம் காத்திருங்கள். அசையாவிட்டால் வெந்நீரில் உப்பைக் கரைத்து, நீரின் அளவில் கால்வாசி சேருங்கள். அதற்கும் மசியாவிட்டால் சிறிது வினாகிரியைச் சேர்த்துப் பிரித்த பின், அமிலம் தங்காதபடி தனிநீரால் இரு தடவை கழுவ வேண்டும்.

குழம்பு மீண்டும் மீண்டும் வருமாயின் கழுவும் முறையில் பிழை இல்லை. தாக்கம் முழுமையடையாத தொகுதி அது. குறி 3 இற்குத் திரும்புங்கள். இன்னொன்றையும் கவனியுங்கள்: களனி கங்கையிலிருந்து வரும் கொழும்புக் குழாய்நீர் மென்மையானது, அதனால் இங்கே தோன்றாத ஒரு பிரச்சினை, வடக்கின் சுண்ணாம்புக் கிணற்று நீரில் கழுவுகிறவர்களுக்கு உண்டு. இரண்டு படைக்கும் நடுவே கடதாசி போன்ற வெள்ளைப் படலம் கரையாமல் நிற்குமாயின், சேமித்த மழைநீரில் கழுவிப் பாருங்கள்.

குறி 5: கழுவிய பின்னும் கலங்கலாக இருக்கிறது

கண்ணாடிப் போத்தலில் எடுத்து அதன் பின்னால் பத்திரிகையைப் பிடியுங்கள். எழுத்தை வாசிக்க முடியாவிட்டால் அது இன்னும் உலரவில்லை. தென்மேற்குப் பருவ மழைக் காலத்தில் காற்றுக் குமிழ் விட்டு உலர்த்துவது ஏறத்தாழப் பயனற்றது, ஏனெனில் உள்ளே போகும் காற்றே ஈரமானது. எரிபொருளை 55 பாகைக்குச் சூடாக்கி, பம்பியால் மேலே எடுத்து மெல்லிய திரையாக விழவிட்டு, மின்விசிறிக் காற்றையும் குறுக்கே விட்டால் சில மணி நேரத்தில் தெளியும். இந்த வேலையைத் தொடங்கும்போது அதில் மெதனோல் மணம் இருக்கக் கூடாது. இருந்தால் கழுவல் போதவில்லை.

உலர்ந்தும் தெளியாவிட்டால் சவர்க்காரம் மிஞ்சியிருக்கிறது, மீண்டும் கழுவுங்கள். குளிரினால் கலங்கியது என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். பாம் எண்ணெய்ப் பயோடீசலே 15 பாகையை ஒட்டித்தான் கலங்கத் தொடங்கும். கொழும்பில் அந்தக் குளிர் எந்த மாதத்திலும் வருவதில்லை.

குறி 6: பொரித்த எண்ணெயில் சரி, விதை எண்ணெயில் மட்டும் பிழை

செக்கிலிருந்து நேராக வரும் எண்ணெயில் பிசின் இருக்கும். அது கிளிசரினுக்கும் பயோடீசலுக்கும் நடுவே பழுப்பான சளிப்படையாக நின்று பிரிவைக் கெடுக்கும். எண்ணெயை 65 பாகைக்குச் சூடாக்கி, நூற்றுக்கு 3 பங்கு வெந்நீர் சேர்த்து மெல்லக் கலக்கிப் படியவிட்டால், பிசின் வீங்கி அடியில் இறங்கும். அதை வடித்த பின் எண்ணெயை முழுவதும் உலர்த்த வேண்டும் என்பதை மறக்க வேண்டாம்.

சூரியகாந்தி, எள்ளு, கச்சான் ஆகியவற்றின் எண்ணெய் அமிலச் சோதனையில் பெரும்பாலும் நன்றாகவே நிற்கும். ஆனால் உண்ணத்தக்க எண்ணெயை எரிபொருளாக்குவது எனக்கு மனத்துக்கு ஒப்பானதன்று, பூஞ்சணம் பிடித்து உண்ண உதவாத விதையையே எடுக்கிறேன். இலுப்பை, வேம்பு, புன்னை, இறப்பர் விதை ஆகியவை அமிலம் கூடியவை. விதை ஈரமாகக் கிடக்கும் ஒவ்வொரு கிழமையும் அந்த அமிலத்தின் அளவு ஏறும். விதை பொறுக்கித் தருபவர்களிடம் அதை உடனே வெயிலில் காயவைக்கச் சொல்வதைவிடச் சிறந்த மருந்து இதற்கில்லை. ஆமணக்கு எண்ணெயைத் தனியாகச் செய்யவே வேண்டாம். தாக்கம் எளிதில் நடந்தாலும், கிடைக்கும் எரிபொருள் ஐரோப்பிய நியமமான ஈ.என். 14214 அனுமதிக்கும் 3.5 முதல் 5 வரையான பாகுநிலையை (திரவத்தின் தடிப்பை) வெகுவாகத் தாண்டும். எரிபொருள் பம்பி தாங்காது.

குறி 7: எரிபொருள் சரி, வாகனம் முரண்டு பிடிக்கிறது

*ஃபில்டர் அடைபட்டால்,* பஞ்சிகாவத்தையில் புதியதொன்று வாங்கிப் போட்டுவிட்டு மறந்துவிடாதீர்கள். பழையதை அறுத்துத் திறந்து பாருங்கள். மடிப்புகளில் கறுப்புக் கசடு இருந்தால், அது பழைய டீசல் தாங்கியில் பல வருடம் படிந்திருந்த அழுக்கு. பயோடீசல் அதைக் கரைத்து எடுத்து வந்திருக்கிறது. ஒன்றிரண்டு தடவை மாற்றினால் நின்றுவிடும். வெண்ணெய் போன்ற வெள்ளைப் படிவு இருந்தால் பிழை உங்கள் கழுவலிலோ தாக்கத்திலோ இருக்கிறது. தாங்கியை வடித்துக் குறி 3 இலிருந்து பாருங்கள். வழுவழுப்பான சளியும் கெட்ட நாற்றமும் இருந்தால், தாங்கியின் அடியில் நீர் தேங்கி நுண்ணுயிர் வளர்ந்திருக்கிறது. தாங்கியைக் கழற்றித்தான் கழுவ வேண்டும்.

*குழாய் வியர்த்து ஒழுகினால்,* பழைய இறப்பர்க் குழாய் வீங்கிவிட்டது. பயோடீசலைத் தாங்கும் வைட்டன் வகைக் குழாய் விலை கூடியது, ஆனால் வேறு வழியில்லை. செம்பு, பித்தளை, நாகப்பூச்சுப் பீப்பாய் ஆகியவற்றையும் தவிருங்கள். அவற்றில் எரிபொருள் விரைவாகக் கெடும்.

*இழுவை சற்றுக் குறைந்தால்* அது இயல்பு. லீற்றருக்கு லீற்றர் ஏறத்தாழ நூற்றுக்கு 8 பங்கு சக்தி குறைவு. *நுவரெலியாவுக்குப் போன லொறி அதிகாலையில் கிளம்பாவிட்டால்,* அங்கே பாம் எண்ணெய்ப் பயோடீசல் உறைந்திருக்கிறது. வெயில் ஏறும்வரை பொறுத்து, அடுத்த பயணத்துக்கு டீசலில் நூற்றுக்கு 20 இற்கு மேல் கலக்காமல் அனுப்புங்கள்.

*எஞ்சின் எண்ணெயின் அளவுக்கோலில் மட்டம் ஏறியிருந்தால்,* உடனே எஞ்சினை நிறுத்துங்கள். எரியாத எரிபொருள் எண்ணெயில் இறங்குகிறது. இந்நிலையில் ஓடினால் பெயரிங்குகள் போய்விடும். இதையும், பம்பியில் புதிதாகக் கேட்கும் கீச்சுச் சத்தத்தையும், கொமன் ரெயில் (உயர் அழுத்தத்தில் எரிபொருள் பாய்ச்சும் புதிய வகை) எஞ்சினில் வரும் எந்தக் குறியையும் டீசல் பம்பி திருத்துநரிடமே விட்டுவிட வேண்டும். அவரிடம் போகும்போது அந்தத் தொகுதியின் ஒரு லீற்றரை மூடிய போத்தலில் எடுத்துச் செல்லுங்கள். காரணம் எரிபொருளா பம்பியா என்று அவருக்கும் துணிய முடியாவிட்டால், கொழும்பு 7, பௌத்தாலோக மாவத்தையிலுள்ள கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவனம் போன்றதோர் ஆய்வுகூடத்தில், நீரின் அளவு, அமில எண், பாகுநிலை, மொத்தக் கிளிசரின் ஆகிய நான்கையும் பார்த்துத் தர முடியுமா என்று கேளுங்கள். அந்த அறிக்கை கைக்கு வரும்வரை அதே பீப்பாயிலிருந்து வேறெந்த வாகனத்துக்கும் ஊற்ற வேண்டாம்.